இரு மனைகளும் ஒரு மொழியும்

(பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

"நம் பள்ளியின் பழங்கட்டடத்தைக் காப்பது எப்படி?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் கட்டடப் பொறிஞன் அல்லேன்; தமிழாசிரியன். சுவரின் உறுதியையும் தூலத்தின் வலிமையையும் அளந்து சொல்லும் கருவி என்னிடம் இல்லை. ஆயினும், அந்த ஓட்டுக்கட்டடத்தின் மூன்றாம் அறையில் இருபத்தேழு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகின்றேன். மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், மாலை வெயில் எந்தச் சாளரத்தின் வழியே கரும்பலகைமேல் விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் பேச ஒப்பினேன்.

இக்கட்டடத்தைப் பற்றி உங்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுவதை அறிவேன். இடித்துவிட்டு மூன்றடுக்கில் புதிய கட்டடம் எழுப்பவேண்டும் என்பர் ஒரு சாரார். பழுதுபார்த்து, பழைய நிழற்படங்களை மாட்டி, நினைவகமாக ஆக்கவேண்டும் என்பர் மற்றொரு சாரார். இருவரும் பள்ளியின்மேல் அன்புடையவர்களே. ஆனால், இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நாளை அக்கட்டடத்துக்குள் எந்த மொழி ஒலிக்கப்போகின்றது? நீங்கள் பயின்ற நாளில் அங்கு வகுப்புக்கு இடம் போதாமல் தாழ்வாரத்திலும் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். இன்று தமிழ்வழியில் ஆறாம் வகுப்புக்கு வந்துள்ள பிள்ளைகள் இரண்டு வாங்குகளில் அமர்ந்துவிடுகின்றனர். வெற்று வாங்குகளைப் பார்த்துப் பாடம் நடத்துவது எத்தகைய துன்பம் என்பதை ஆசிரியராய் இருந்தவரே அறிவர்.

இக்கேள்வியை எனக்கு எழுப்பித் தந்தவர் இப்பள்ளியின் பழைய மாணவர் ஒருவர்தாம். அவர் அயர்லாந்து நாட்டின் தலைநகரான தப்ளினில் பணிபுரிகின்றார். சென்ற ஆண்டு ஊர் வந்திருந்தபோது என்னைக் காண வந்தார்; உடன் அவருடைய மகளும் வந்திருந்தாள். "ஐயா! இவள் பள்ளியில் ஐரிசு மொழி படிக்கின்றாள், எழுதவும் செய்வாள்" என்றார். "தமிழ்?" என்றேன். தலைகுனிந்தார். அயல்நாட்டில் குடியேறியவரின் குழந்தைக்கும் அந்நாடு தன் மொழியைக் கற்பிக்கின்றது. நம் குழந்தைக்கு நாம் கற்பிக்கவில்லை. அன்று முதல் அந்நாட்டு மொழியின் கதையைத் தேடிப் படித்தேன். அங்குள்ள இரண்டு பழைய பள்ளிக்கூட மனைகளின் வரலாறு என் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

கழுத்தில் தொங்கிய கோல்

ஐரிசு மொழி ஆங்கிலத்தின் கிளைமொழியன்று. கெல்தியக் குடும்பத்தைச் சேர்ந்த தனிமொழி. பழைமையான இலக்கியம் உடையது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது அரசவையை இழந்தது, வழக்குமன்றத்தை இழந்தது, கடைசியில் பள்ளியையும் இழந்தது. 1831ஆம் ஆண்டு 'நாட்டுப் பள்ளிகள்' என்னும் பெயரில் பொதுமக்களுக்கான பள்ளி அமைப்பு ஒன்றை அரசு அங்குத் தொடங்கியது. பெயர்தான் நாட்டுப் பள்ளி, பயிற்றுமொழியோ ஆங்கிலம். வீட்டில் ஐரிசு மட்டுமே பேசிய குழந்தையும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில்தான் பாடம் கேட்கவேண்டும்.

அக்காலத்தில் பல ஊர்களில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. குழந்தையின் கழுத்தில் ஒரு சிறு மரக்கோலைக் கட்டித் தொங்கவிடுவர். அக்குழந்தை ஐரிசு பேசும் ஒவ்வொரு முறையும் அக்கோலில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்ப அடி விழும். இதில் நம் நெஞ்சைச் சுடுவது யாதெனின், இக்கொடுமைக்குப் பெற்றோரே துணைநின்றமைதான். பள்ளியில் ஆசிரியர் வெட்டினார். வீட்டில் தந்தையே வெட்டினார். ஏன்? அவர்கள் கொடியவர்களா? அல்லர். ஆங்கிலம் இருந்தால் வேலை கிட்டும், கப்பலேறி அயல்நாடு சென்றாலும் பிழைக்கலாம் என்று நம்பினர். பிள்ளையின்மேல் வைத்த அன்பினாலேயே பிள்ளையின் நாவை அறுத்தனர்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்கள் பட்டினியால் மடிந்தனர். சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் மாண்டனர். ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். மடிந்தவருள்ளும் வெளியேறியவருள்ளும் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஐரிசு பேசும் எளியோர் மிகப் பலர். பள்ளி தொடங்கிய வேலையைப் பஞ்சம் விரைவுபடுத்தியது. அந்நூற்றாண்டின் இறுதியில், தாய்மொழி பேசுவதே இழிவு என்னும் எண்ணம் அம்மண்ணில் வேரூன்றிவிட்டது.

வண்டியில் எழுதிய பெயர்

1893ஆம் ஆண்டு, ஐரிசு மொழியை மீண்டும் மக்கள் நாவில் ஏற்றுவதற்காகக் கேலியக் கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் இடக்ளசு ஐடு என்பாரும் ஓயின் மெக்னீல் என்பாரும் குறிப்பிடத்தக்கவர். அக்கழகத்தில் 1896இல் சேர்ந்த இளைஞர் ஒருவர்தாம் நம் வரலாற்றின் தலைவர். அவர் பெயர் பாட்ரிக் பியர்சு. 1879இல் தப்ளினில் பிறந்தவர். அவர் தந்தையார் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கற்றச்சர். வீட்டுமொழி ஆங்கிலம். சிறுவயதில் பாட்டி முறையினரான மூதாட்டி ஒருவர் சொன்ன கதைகளும் பாடல்களுமே அவர் நெஞ்சில் ஐரிசு மொழிக்கு வித்திட்டன. தாய்மொழியைத் தேடிச்சென்று கற்றவர் அவர். தேடிக் கற்றவருக்கே அதன் அருமை மிகுதியும் தெரியும் போலும்.

சட்டம் பயின்று வழக்குரைஞராகவும் ஆனார் பியர்சு. 1905ஆம் ஆண்டு அவர் ஒரு வழக்கை எடுத்து வாதிட்டார். தொனகால் பகுதியைச் சேர்ந்த பாவலர் ஒருவர் தம் வண்டியில் தம் பெயரை ஐரிசு எழுத்தில் எழுதியிருந்தார். வண்டியில் பெயர் படிக்கத்தக்க எழுத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம்; ஐரிசு எழுத்து படிக்கத்தக்க எழுத்தன்று என்பது அரசின் வழக்கு. பியர்சு தோற்றார். எண்ணிப் பாருங்கள்! ஒருவன் தன் நாட்டில், தன் வண்டியில், தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதியது குற்றமாயிற்று. நமக்கு அப்படி ஒரு தடை இல்லை. ஆயினும், நம் தெருவில் நின்று கடைப்பலகைகளைப் படித்துப் பாருங்கள். தடை இல்லாமலேயே நாம் செய்து முடித்திருப்பது என்ன என்பது விளங்கும்.

அதே ஆண்டில் பியர்சு பெல்சியம் நாட்டுக்குச் சென்று, அங்குப் பிளெமியமும் பிரெஞ்சும் ஆகிய இரு மொழிகளையும் பள்ளிகளில் எவ்வாறு பயிற்றுகின்றனர் என்பதை வகுப்பறை வகுப்பறையாக அமர்ந்து பார்த்தார். கேலியக் கழகத்தின் இதழுக்கு ஆசிரியராக 1903 முதல் 1909 வரை இருந்த அவர், தாம் கண்டவற்றை அதில் தொடர்ந்து எழுதினார். எழுதியதோடு நின்றிருந்தால் அவரை இன்று நாம் நினைக்கமாட்டோம். எழுதியதைச் செய்துகாட்ட முனைந்தார்.

முதல் மனை

1908ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்கள் 8ஆம் நாள், தப்ளினின் இரானலா பகுதியில் கல்லன்சுவுட்டு மனை என்னும் பழைய வீட்டில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் இலெக்கி குடும்பத்தோடு தொடர்புடைய வீடு அது. பள்ளிக்குப் பழங்காலத் துறவி ஒருவரின் பெயரால் 'இசுகோல் ஏன்னா' என்று ஐரிசு மொழியிலேயே பெயரிட்டனர். ஏன்னாவின் பள்ளி என்பது பொருள்.

அங்கு ஐரிசும் ஆங்கிலமும் ஆகிய இரண்டும் பயிற்றுமொழிகள். ஐரிசு தெரியாமல் வந்த சிறுவனுக்கு இலக்கண நூற்பாவை முதலில் புகட்டவில்லை. பொருளைக் காட்டி, படத்தைக் காட்டி, பேசிப் பேசியே பழக்கினர். தோட்ட வேலையும், இயற்கையைக் கண்டறிதலும், நாடகமும், விளையாட்டும் பாடத்தோடு இணைந்தன. மாணவரே தமக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். நுழைவாயிற் கூடத்தில் குகுலின் என்னும் பழங்காவிய வீரன் இளைஞனாய்ப் படைக்கலம் ஏந்தும் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் சிறுவன் முதலில் காண்பது தன் மண்ணின் மறவனை! அயலான் வரலாற்றைப் படித்துத் தன்னைத் தாழ்த்திக்கொண்ட ஓர் இனத்தின் பிள்ளைக்கு இதனினும் நல்ல முதற்பாடம் எது?

ஆங்கில அரசு அயர்லாந்தில் நடத்திய கல்விமுறையைக் 'கொலைப்பொறி' என்றே பியர்சு தம் நூலுக்குப் பெயரிட்டார். பிள்ளையின் இயல்பையும் மொழியையும் நசுக்கி, தேர்வுக்காக ஒரே அச்சில் வார்த்துத் தள்ளும் பொறி என்பது அவர் கருத்து. அதற்கு மாற்றாகத் தாம் எண்ணியதை இந்த மனையில் நடத்திக்காட்டினார்.

இரண்டாம் மனை

இரண்டே ஆண்டுகளில் பியர்சு இன்னும் விரிந்த இடத்தைத் தேடினார். 1910இல் நகருக்குத் தெற்கே இராத்பார்னம் பகுதியில், எர்மிட்டேசு என்னும் பெரிய கல்மனைக்குப் பள்ளியை மாற்றினார். 'துறவகம்' என்பது அப்பெயரின் பொருள். மரச்சோலையும் நீரோடையும் சூழ்ந்த இடம். 1803இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தூக்கிலேறிய இராபர்ட்டு எம்மெட்டு உலவிய பகுதி என்னும் நினைவு அவ்விடத்துக்கு உண்டு. அந்நினைவே பியர்சை அங்கு ஈர்த்த கரணியங்களுள் ஒன்று. பழைய கல்லன்சுவுட்டு மனையில் பெண் பிள்ளைகளுக்காகத் தனிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பொருள் முடையால் அஃது இரண்டாண்டில் மூடப்பட்டது.

பெருமனை பெருஞ்செலவைக் கொண்டுவந்தது. நகரிலிருந்து தொலைவானதால் நாள்தோறும் வந்துபோகும் மாணவர் குறைந்தனர். கடன் ஏறியது. 1913ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தப்ளினின் அபே நாடக அரங்கில் இப்பள்ளிக்கு நிதி திரட்ட இரு நாடகங்கள் நடிக்கப்பட்டன. ஒன்று பியர்சு ஐரிசு மொழியில் எழுதியது, மாணவர்களே நடித்தனர். மற்றொன்று இரவீந்திரநாத் தாகூரின் 'அஞ்சலகம்'. தன் மொழியை இழந்துகொண்டிருந்த ஒரு சிறு நாட்டின் பள்ளிக்கு வங்கமொழிப் பாவலரின் நாடகம் பொருள் ஈட்டித் தந்தது. 1914இல் பியர்சு அமெரிக்கா சென்று, அங்குக் குடியேறியிருந்த தம் நாட்டாரிடம் கையேந்தினார். தமக்காக அன்று, பள்ளிக்காக.

1916 ஏப்பிரல் 24ஆம் நாள் தப்ளினில் விடுதலை எழுச்சி வெடித்தது. தலைமை அஞ்சலகத்தின் முன் நின்று விடுதலைச் சாற்றுரையைப் படித்தவர் இப்பள்ளியின் தலைமையாசிரியர் பியர்சுதாம். பழைய மாணவர் பலரும் அவ்வெழுச்சியில் கலந்துகொண்டனர். எழுச்சி ஒரு கிழமைக்குள் அடக்கப்பட்டது. மே 3ஆம் நாள் பியர்சு சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடன் பள்ளியை நடத்திய ஆசிரியர் தாமசு மெக்டொனாவும் அதே நாளில் சுடப்பட்டார். மறுநாள், பள்ளியில் ஓவியம் கற்பித்த தம்பி வில்லி பியர்சு. மே 8ஆம் நாள், மாணவர்க்கு உடற்பயிற்சி அளித்த கான் கோல்பர்ட்டு. ஒரே பள்ளியின் ஆசிரியர் நால்வர் ஆறு நாள்களுக்குள் ஈகியராயினர்.

தாயும் தமக்கையும்

ஆசிரியர் மடிந்தால் பள்ளி மூடப்பட்டிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? மூடப்படவில்லை. இரு மக்களையும் ஒரே கிழமையில் பறிகொடுத்த தாய் மார்கரெட்டு அம்மையார், அதே ஆண்டில் பழைய கல்லன்சுவுட்டு மனையில் பள்ளியை மீண்டும் தொடங்கினார். பின்பு எர்மிட்டேசு மனைக்கே பள்ளி திரும்பியது. திரட்டிய நன்கொடையால் அம்மனை விலைக்கும் வாங்கப்பட்டது. விடுதலைப் போர் நடந்த நாள்களில் கல்லன்சுவுட்டு மனையில் மைக்கேல் காலின்சு மறைந்திருந்து பணியாற்றினார். ஆங்கிலப் படையினர் அதனைச் சோதனையிட்டுச் சிதைத்தனர். அந்தச் சுவர்கள் பாடத்தையும் கேட்டன, படைக்காலடியையும் கேட்டன.

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. ஐரிசு நாட்டுமொழியாயிற்று, பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிற்று, 1937ஆம் ஆண்டு அரசமைப்பில் முதல் ஆட்சிமொழி என எழுதப்பட்டது. இனி ஏது குறை என்று தோன்றும். ஆனால், கேளுங்கள்! அவ்விடுதலைக்கு ஆசிரியரைக் காவு கொடுத்த அந்தப் பள்ளி, ஆங்கிலேயன் ஆண்ட காலத்தில் கடனோடும் உயிர்த்திருந்த அந்தப் பள்ளி, விடுதலை பெற்ற நாட்டில் 1935இல் மூடப்பட்டது. பொருள் இல்லை, போதிய பிள்ளைகளும் இல்லை. பிடுங்கிய பகைவன் போய்விட்டான்; பேணவேண்டிய உறவினர் வரவில்லை.

சட்டம் ஒரு மொழிக்கு இருக்கை தரும்; நா தராது. 2022ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஐரிசு பேசத் தெரியும் என்றவர் 18,73,997 பேர். நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதின்மர். ஆனால், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவதாகச் சொன்னவர் 71,968 பேரே. நூறாண்டு காலம் அரியணையில் அமர்த்தியும் அடுக்களையில் அமர்த்த இயலவில்லை. வீட்டை இழந்த மொழிக்கு அரசு தரும் மாலை போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இருவகைக் காப்பு

இப்பொழுது அந்த இரு மனைகளும் என்னவாயின என்று பார்ப்போம்.

பள்ளி மூடப்பட்ட பின்னும் பியர்சின் தமக்கையார் மார்கரெட்டு மேரி எர்மிட்டேசு மனையிலேயே வாழ்ந்தார். தம்பியின் பொருள்களைக் கண்போல் காத்தார். 1968இல் அவர் மறைந்தபின் மனையும் நிலமும் நாட்டுக்கு உரியவாயின. பியர்சு பிறந்த நூறாம் ஆண்டாகிய 1979இல் அம்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவர் அமர்ந்து எழுதிய அறை, மாணவர் உறங்கிய கூடம், தம்பி செதுக்கிய சிலைகள் ஆகியவற்றை இன்று காணலாம். சூழ்ந்துள்ள சோலை பொதுமக்கள் உலவும் பூங்காவாகிவிட்டது. நன்றாகக் காத்திருக்கின்றனர், குறை சொல்வதற்கில்லை.

முதல் மனையாகிய கல்லன்சுவுட்டின் கதை வேறு. அது பல கைமாறி, பேணுவாரின்றிப் பாழ்பட்டது. கூரையும் சுவரும் சிதைந்தன. இடிந்தொழியும் என்றிருந்த நிலையில் அன்பர் சிலர் ஒன்றுகூடி அதனை மீட்க முனைந்தனர். அந்நாள்களில் அயர்லாந்தில் வேறொரு நன்முயற்சியும் வளர்ந்துவந்தது. அரசை மட்டும் நம்பியிராமல், பெற்றோரே கூடி ஐரிசு வழிப் பள்ளிகளைத் தொடங்கினர். ஐரிசு பேசும் பகுதிகளுக்கு வெளியே 1970களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த அத்தகைய பள்ளிகள் இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 1996இல் தொடங்கிய 'இலிசு நா நோக்'. 'இளையோர் கோட்டை' என்று பொருள் கொள்ளலாம். அப்பள்ளி வந்து குடியேறிய இடம் எது தெரியுமா? கல்லன்சுவுட்டு மனைதான்!

1908இல் எந்த வீட்டில் ஐரிசு மொழியில் பாடம் தொடங்கியதோ, அதே வீட்டில் இன்று ஐரிசு மொழியில் வாய்பாடு ஒப்புவிக்கின்றனர் குழந்தைகள். அவர்களுக்குப் பியர்சைப் பற்றி முழுதும் தெரிந்திருக்கும் என்று சொல்லமுடியாது. தெரியாவிட்டால் என்ன? அவர் விரும்பியதை அவர்கள் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

இரண்டும் காப்புத்தான். எர்மிட்டேசு மனையில் பியர்சின் எழுதுபலகை உள்ளது. கல்லன்சுவுட்டு மனையில் அவருடைய மொழி உள்ளது. முன்னதில் கண்ணாடிப் பேழையைத் தொடாதே என்று எழுதிவைத்திருப்பர். பின்னதில் குழந்தைகள் சுவரைத் தொட்டும் கிறுக்கியும் ஓடியாடுவர். இரண்டும் ஒரு நாட்டுக்குத் தேவை. ஆனால், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்னும் நிலை வந்தால் நான் குழந்தைகள் இருக்கும் மனையையே தேர்ந்தெடுப்பேன். பியர்சைக் கேட்டிருந்தால் அவரும் அதனையே சொல்லியிருப்பார் என்பது என் நம்பிக்கை.

நம் ஓட்டுக்கட்டடம்

இனி நம் கட்டடத்துக்கு வருவோம். இடிக்கவேண்டும் என்பாரை நோக்கிச் சில சொற்கள். பழைய கட்டடம் பெரும்பாலும் முதுமையால் விழுவதில்லை; கருத்தின்மையால் விழுகின்றது. ஓடு ஒன்று விலகினால் மழைநீர் கைமரத்தில் இறங்கும்; கைமரம் உளுத்தால் கூரை தாழும்; கூரை தாழ்ந்தால் சுவர் நனையும். ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்றி, நீர்த்தாரையைத் தூய்மை செய்தாலே பாதி வேலை முடிந்தது. சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் சிறிதாய் இருக்கும்போதே வேரோடு களையவேண்டும். விட்டுவைத்தால் வேர் செங்கல்லைப் பிளந்துவிடும்.

பழுதுபார்க்கவேண்டும் என்பார்க்கும் ஒன்று சொல்வேன். அச்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை. அவை ஈரத்தை உறிஞ்சும்; வெயிலில் ஈரத்தை வெளிவிடும்; மூச்சுவிடும் சுவர்கள் என்றே கொத்தர் சொல்வர். அவற்றின்மேல் சிமிட்டிப் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பொரிந்து, செங்கல்லும் அரிக்கும். அன்பின் மிகுதியால் செய்யும் இத்தவற்றினால் அழிந்த கட்டடங்கள் பல. சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தர் இன்னும் நம் பக்கத்தில் உள்ளனர். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்; இளைஞர் இருவரை அவர்களோடு சேர்த்துவிடுங்கள்; அத்தொழிலும் பிழைக்கும்.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மறவாதீர்கள். செல்லரித்த அந்த ஏடுகளில் உங்கள் தந்தையர் பெயர்கள் உள்ளன. ஏர் உழுதவரும் தறி நெய்தவரும் முதன்முதலாகத் தம் பிள்ளையை எழுத்துக்கு அனுப்பிய நாள்கள் உள்ளன. இந்த ஊரின் உண்மையான வரலாறு அதுதான். அவற்றைப் படியெடுத்துக் காத்துவையுங்கள்.

இவையனைத்தும் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். கூரை ஒழுகாமல், சுவர் வெடிக்காமல், நிழற்படங்கள் வரிசையாக மாட்டப்பட்டு, உள்ளே பிள்ளைகள் இல்லாமல் நம் கட்டடம் நின்றால் அதற்கு என்ன பெயர்? அதனால் என் வேண்டுகோள் இது: பழுதுபார்த்த கட்டடத்தை நினைவகமாக்காதீர்கள், பூட்டிவைக்காதீர்கள். தமிழ்வழி வகுப்புகளை அங்கேயே வையுங்கள். நல்ல நூலகத்தை அங்கே வையுங்கள். அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் கருவிகளை அங்கே வையுங்கள். தமிழ்வழியில் பயில்வது ஏழையின் தலையெழுத்து என்னும் எண்ணம் மாறும்படி, பள்ளியிலேயே நல்ல அறைகளை அவர்களுக்குக் கொடுங்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும், கசப்பானது, பொறுத்தருளுங்கள். இம்மன்றத்தில் நன்கொடை தர ஒப்பியோர் பட்டியல் நீளமானது. அதற்கு நான் தலைவணங்குகின்றேன். ஆனால், உங்கள் பிள்ளைகளை, உங்கள் பேரப்பிள்ளைகளை இவ்வகுப்புக்கு அனுப்ப ஒப்பியோர் பட்டியல் உண்டா? நான் குற்றஞ்சாட்டவில்லை. குற்றஞ்சாட்டும் தகுதியும் எனக்கில்லை. என் மூத்த மகனை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தவன் நான். தமிழாசிரியன் மகன்! அன்று நான் சொல்லிக்கொண்ட கரணியம், மரக்கோலில் வெட்டுப் போட்ட அந்த ஐரிசுத் தந்தை சொன்ன அதே கரணியந்தான்: 'பிள்ளை பிழைக்கவேண்டும்.' இன்று அவன் பிழைக்கின்றான். எனக்கு எழுதும் மடலை ஆங்கிலத்தில் எழுதுகின்றான். இரண்டாம் பிள்ளையாகிய மகளை இதே ஓட்டுக்கட்டடத்தில் சேர்த்தேன். அவளும் பிழைக்கின்றாள். அச்சம் தேவையில்லாதது என்பதை என் வீட்டிலேயே கற்றேன். ஒரு பிள்ளை அளவு காலம் தாழ்த்திக் கற்றேன்.

தப்ளினில் ஒரு வீட்டை மீட்க முதலில் வேண்டியிருந்தது பணமன்று; தம் குழந்தையை அங்கு அனுப்ப முன்வந்த பெற்றோர் சிலரே. கட்டடத்தைக் குழந்தைகள் காத்துக்கொள்வர். பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் ஒழுகும் ஓட்டை யாரேனும் மாற்றிவிடுவர்.

வரும் சூன் திங்களில் பள்ளி திறக்கும். அன்று காலை மூன்றாம் அறையில் நான் இருப்பேன். பணி ஓய்வுக்கு எனக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. மூன்றாவது வாங்கு நிறையவேண்டும். அதுவே என் ஆசை. உங்களுள் எவரேனும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். கட்டடத்தைக் காக்கும் வேலை அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்வேன்.

 வாழ்க தமிழ்!